கியர்பாக்ஸும் எலுமிச்சம்பழமும்

பழைய கார் வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? காரை ஒரு சுற்று சுற்றி வருவார். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். டயரைத் தட்டுவார். எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்பார். இவ்வளவுக்கும் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் மட்டும் பிடி கொடுக்காது. உள்ளே எல்லாமே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் தன் நோயைச் சொல்லும். அந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்த போராட்டம் சுவாரசியமானது. அதில் மெக்கானிக்கும் வருகிறார், திமிங்கலமும் வருகிறது, பொருளாதாரத்தில் நோபல் பரிசு வாங்கியவரும் வருகிறார்!

கிளட்ச் இல்லாத கார்

1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் 1940ஆம் வருட ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. கூடுதல் விலை வெறும் 57 டாலர். நான்கு கியர்கள், கிளட்ச் பெடலே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இதே கியர்பாக்ஸ் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளிலும் ஓடியது. போர் முடிந்ததும் ப்யூக்கின் டைனாஃப்ளோ 1948இலும், செவர்லேயின் பவர்கிளைட் 1950இலும் வந்தன.

ஓட்டுபவருக்குச் சுகம். மெக்கானிக்குக்குத் தலைவலி. சாதாரண கியர்பாக்ஸில் கோளாறு வந்தால் கையும் காலுமே சொல்லிவிடும். கிளட்ச் வழுக்கினால் பெடலில் தெரியும், பல் தேய்ந்தால் கியர் மாற்றும்போது கரகரக்கும். ஆட்டோமேடிக்கில் கியரை மாற்றுவது மனிதர் அல்ல, அழுத்தத்தில் ஓடும் எண்ணெய். குறுகலான வால்வுகள் வழியாக எண்ணெய் போய் எந்த கிளட்சை அழுத்துகிறதோ அந்த கியர் விழும். ஆகவே நோயைத் தேடும் இடமும் எண்ணெயாகவே ஆனது.

எண்ணெய் பேசும் பாஷை

1949இல் 'டைப் ஏ' என்ற தனி எண்ணெய்த் தரத்தை ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டு வந்தது. எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்தறிய இந்த வகை எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள். பல மாடல்களில் எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, அளவுக் குச்சியை உருவி எண்ணெயைப் பார்க்க வேண்டும். தெளிவான சிவப்பு என்றால் நல்லது. கருத்துப் போய்த் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகளின் மேற்பூச்சு எரிகிறது என்று பொருள். பால் கலந்தது போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. அடித்தட்டைக் கழற்றினால் மெல்லிய சாம்பல் நிறத் தூள் இருக்கலாம், அது தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்தால் வண்டியை விட்டு விலகிவிட வேண்டியதுதான்.

கியர் நழுவாமலும் இடிக்காமலும் மாற அந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்து வந்தார்கள். 1970இல் அந்தத் திமிங்கலம் அமெரிக்காவின் அழிந்து வரும் உயிரினங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாற்றாக வந்த முதல் கலவைகளில் ஒன்று, எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் இணைப்புகளை அரித்தது. பிறகு அதையும் திருத்த வேண்டியிருந்தது. திமிங்கல வேட்டைக்கும் கியர்பாக்ஸ் கோளாறுக்கும் முடிச்சு உண்டு என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஒரு சின்ன ரப்பர் சவ்வு

1960, 70களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் 'வேக்குவம் மாடுலேட்டர்' என்று ஒரு சிறிய டப்பி உண்டு. எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதன் வேலை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்தால் எஞ்சின் அந்தக் குழாய் வழியாகக் கியர்பாக்ஸ் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். புகைக்குழாயில் வெள்ளைப் புகை கிளம்பும், கியர் தாமதமாக இடித்துக்கொண்டு மாறும், எண்ணெய் குறையும், ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது.

விஷயம் தெரியாதவர் எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டுவார். நேர்மையில்லாத மெக்கானிக் முழு கியர்பாக்ஸையும் பிரிக்கச் சொல்வார். சோதனையோ மிக எளிது. டப்பிக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதில் சிவப்பு எண்ணெய் இருந்தால் கோளாறு அந்த டப்பியில்தான். விலை குறைந்த ஒரு பாகத்துக்கும் முழு ரிப்பேர் செலவுக்கும் நடுவே நிற்பது இந்த ஒரு நிமிடச் சோதனை!

பட்டறைகளில் இன்னொரு சோதனையும் இருந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, வண்டியை 'டி'யில் போட்டு, சில விநாடி மட்டும் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பது. எஞ்சின் சுழற்சி குறித்த அளவைத் தாண்டினால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. அளவுக்குக் கீழே நின்றால் எஞ்சினில் சக்தி இல்லை, அல்லது டார்க் கன்வர்ட்டரில் பழுது. நீண்ட நேரம் செய்தால் சோதனையே கியர்பாக்ஸைக் கொன்றுவிடும்.

எலுமிச்சம்பழச் சந்தை

இவ்வளவு சோதனையும் மெக்கானிக்குக்குத் தெரியும், விற்பவருக்கும் தெரியலாம். வாங்குபவருக்கு? 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. மோசமான காருக்கு அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'லெமன்', அதாவது எலுமிச்சம்பழம் என்று பெயர். எது நல்ல கார், எது லெமன் என்று வாங்குபவரால் பிரிக்க முடியாவிட்டால் எல்லாக் காருக்கும் சராசரி விலையே கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரர் விற்க மாட்டார். சந்தையில் மிஞ்சுவது லெமன் மட்டுமே! மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய இந்தக் கட்டுரைதான் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க முக்கியக் காரணம்.

அரசாங்கமும் முயன்றது. விற்பவர் தனக்குத் தெரிந்த பெரிய கோளாறுகளைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 1981இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் ஒரு விதி கொண்டு வந்தது. கார் வியாபாரிகள் எதிர்த்தார்கள். 1982இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. அப்படி ரத்து செய்த முறை செல்லாது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 1985இல் நடைமுறைக்கு வந்த இறுதி விதியில் அந்த முக்கிய வரி இல்லை. மிஞ்சியது கண்ணாடியில் ஒட்டும் ஒரு தாள். உத்தரவாதம் உண்டா இல்லையா என்பது முன்பக்கம். கியர்பாக்ஸ் ஒழுகல், சரியாக மாறாத கியர் போன்ற சாத்தியமான கோளாறுகளின் பொதுப் பட்டியல் பின்பக்கம். இந்தக் காரில் எது இருக்கிறது என்பதை வாங்குபவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

1980களில் வால்வுகளின் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. 1989இல் வந்த கிரைஸ்லரின் அல்ட்ராடிரைவ், கோளாறு கண்டால் இரண்டாவது கியரிலேயே நின்றுவிடும். அதில் பொருத்தமில்லாத எண்ணெய் ஊற்றியதாலேயே நடுக்கம் கண்ட வண்டிகள் ஏராளம். 1996 முதல் அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு ஓபிடி-2 என்ற பொதுச் சோதனை முறை கட்டாயமானது. பி0700 என்று குறியீடு வந்தால் கியர்பாக்ஸில் ஏதோ பிரச்சினை. பி0741 என்றால் டார்க் கன்வர்ட்டரின் கிளட்ச் பிடிக்கவில்லை.

ஆனால் குறியீட்டை விற்பவர் முந்தின நாளே அழித்துவிடலாம். அப்படி அழித்தால் கம்ப்யூட்டரின் சுய சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். அதையும் பார்க்கத் தெரிந்தவருக்கே லாபம். இன்னொரு தந்திரம், வாங்குபவர் வருவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைப்பது. ரப்பர் சீல்கள் இறுகிப்போன பழைய கியர்பாக்ஸ், இரவெல்லாம் நின்று குளிர்ந்த பிறகு ரிவர்ஸில் போட்டால் இரண்டு மூன்று விநாடி தயங்கும். சூடான பின் அந்தத் தயக்கம் மறைந்துவிடலாம். ஆகவே பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது.

1981இல் அந்த ஆணையம் விற்பவர் வாயால் சொல்ல வைக்க நினைத்த கோளாறு இதுதான். விதியில் அந்த வரி இல்லாத காரணத்தால், இன்றும் வாங்குபவர் ஒரு இரவு காத்திருக்க வேண்டியிருக்கிறது.