சோகைக்குத் தேடிய சத்து

திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். நானும் அங்கே பிறந்தவள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராகச் சேர்ந்து, மெத்தோட்ரெக்சேட் மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், அந்த மருந்தின் பூர்வகதையில் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் இடமுண்டு என்று தெரிந்தது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் சோகை கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணத்தைத் தேடி அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ந்தார். 1931-ல் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்த்தது. அதில் இருந்த சத்து எதுவென்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-ல் டெக்சஸ் விஞ்ஞானிகள் டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம்.

அதை ஆலையில் தயாரிக்க வழி கண்டது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. பீமவரத்தில் 1895-ல் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். 1923-ல் பாஸ்டன் போனார். ஹார்வர்டில் பெயர் சொல்லும் ஆராய்ச்சிகள் செய்தும் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்கூறு மருத்துவர் இருந்தார். லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை அன்று காப்பாற்ற வழியே கிடையாது. சோகைக்கு உதவிய சத்து இதற்கும் உதவாதா என்று, ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகமெடுத்தது. அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் என்ன என்று யோசித்தார். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் போலிகளை சுப்பாராவின் குழு செய்து அனுப்பியது. அவற்றில் அமினோப்டெரின் 1947 டிசம்பர் 28-ல் ஒரு குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. 1948 ஜூனில் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக ஃபார்பர் எழுதினார். சில மாதங்களில் அது திரும்பிவிட்டது. சுப்பாராவும் அந்த ஆகஸ்டிலேயே, 53 வயதில் காலமானார்.

செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கான தைமிடின் உருவாக ஃபோலிக் அமிலம் தேவை; அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றித் தருவது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி. அந்த நொதி போலியைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. செல் பிரிய முடியாமல் சாகும். இந்த விவரம் தெளிவானது 1950களின் பிற்பகுதியில்தான். மருந்து முதலில் வந்தது, விளக்கம் பிறகு வந்தது.

அமினோப்டெரின் இருந்த இடத்துக்கு அதன் தங்கை மெத்தோட்ரெக்சேட் வந்தது. 1953-ல் கெர்ட்ரூட் எலியனின் மெர்காப்டோபியூரின் என்ற மருந்தும் சேர்ந்தது. மெம்ஃபிஸில் டொனால்ட் பிங்கல் என்ற மருத்துவர் 1962 முதல் பல மருந்துகளை இணைத்து, மூளையில் பதுங்கும் செல்களையும் துரத்தினார்; 1970 வாக்கில் பாதிக் குழந்தைகள் குணமாகும் நிலை வந்தது. இன்று வசதியுள்ள நாடுகளில் அது சுமார் 90 சதவீதம்.

ஃபார்பர் கண்ட பாடத்தை நான் கவுன்ட்டரில் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. “வீட்டுல ரத்தம் ஊற டானிக் ஏதும் குடுக்கறீங்களா பாட்டி?” என்று கேட்பேன். “புள்ள வெளுத்துக் கெடக்குதேன்னு கொஞ்சம் ஊத்துனேம்மா” என்பார்கள். பாட்டிலைத் திருப்பினால் ஃபோலிக் அமிலம் என்று போட்டிருக்கும். டாக்டர் சொல்லாமல் அதைக் கொடுக்காதீர்கள் என்பேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள்தான், தினமும் அல்ல என்பதையும் சொல்லி, அந்தக் கிழமையைச் சீட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுப்பேன். வார்டில் இதே மருந்தைப் பெரிய அளவில் ஏற்றும்போது மட்டும், நல்ல செல்களைக் காப்பாற்ற அந்தச் சத்தின் உறவான ஃபோலினிக் அமிலத்தை நாங்களே கொடுக்கிறோம். அதுவும் மணி பார்த்து, ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துத்தான்.