நாய்களின் இடுப்பு மூட்டுத் தளர்வு: சிகிச்சையும் வயதும்

1. நோயின் இயல்பு

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் கச்சிதமாக அமர்ந்து உருள வேண்டும். அது தளர்ந்து ஆடுவதே ஹிப் டிஸ்பிளாசியா. 1935இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல் இதை முதன்முதலில் பதிவுசெய்தார். பிறக்கும்போது மூட்டு ஒழுங்காகவே இருக்கும். வளரும் மாதங்களில்தான் தளர்வு வருகிறது. நாளடைவில் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதமாகிறது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இது மிகுதி. மரபே முதற்காரணம், குட்டிப் பருவத்து அதிக எடை அதைத் தூண்டிவிடுகிறது.

2. கண்டறிதல்

பாதிக்கப்பட்ட குட்டி எழுந்திருப்பதைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுக்கும். பின்பகுதி தயங்கித் தயங்கி மேலே வரும். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலத் தாவும். ஆனால் எல்லாக் குட்டிகளும் இப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

கைச்சோதனை ஒன்று உண்டு. மயக்கத்தில் கிடக்கும் குட்டியின் முழங்காலை இடுப்பை நோக்கி அழுத்தினால் தளர்ந்த தலை குழியைவிட்டு நழுவும். தொடையை மெல்ல வெளிப்புறம் விரித்தால் அது ‘டக்’கென்று உள்ளே விழுவது மருத்துவரின் விரலுக்குத் தெரியும். இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஒர்டோலானி கைக்குழந்தைகளுக்கென வகுத்த சோதனை இது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான பென்ஹிப் எக்ஸ்ரே முறை, 16 வாரத்திலேயே தளர்வை அளந்து சொல்கிறது.

3. அறுவை சிகிச்சை

எந்த அறுவை என்பதைப் பெரும்பாலும் வயதே தீர்மானிக்கிறது. சுமார் 12 முதல் 20 வாரத்துக்குள் என்றால், இடுப்பெலும்பின் அடிப்பக்க வளர்ச்சித் தட்டை மின்சூட்டால் கருக்கிவிடலாம். அங்கே வளர்ச்சி நிற்க, மற்ற பகுதி வளர வளரக் குழி தானே திரும்பித் தலையை நன்றாக மூடிக்கொள்ளும். எளிய அறுவைதான், ஆனால் அந்த வயதில் குட்டி நொண்டுவதே அபூர்வம். நொண்டலைக் கண்ட பிறகு வருபவர்களுக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது. பெரிய இனக் குட்டியை நான்கு மாதத்துக்குள் பரிசோதிக்கச் சொல்லி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பத்து மாதம் வரை, மூட்டுவாதம் தொடங்கியிராவிட்டால், இடுப்பெலும்பை அறுத்துக் குழியைத் திருப்பித் தகடு பொருத்தலாம். அதற்குப் பின் முழு மூட்டு மாற்றமே சிறந்தது. செலவு பெரிது, செய்யத் தெரிந்த கைகள் குறைவு. தொடை எலும்பின் தலையை வெட்டியெடுத்து நார்த்திசுவால் பொய்மூட்டு உருவாகவிடுவது இன்னொரு வழி. எடை குறைந்த நாய்களுக்கு அது நன்றாகவே பலன் தருகிறது.

4. அறுவையில்லா வழி

நீச்சல், வழுக்காத தரை, கார்ப்ரோஃபென் அல்லது மெலாக்ஸிகாம் ஆகியவை வலியைத் தணிக்கும். மருந்தின் அளவை மருத்துவரே குறிக்க வேண்டும். நாம் விழுங்கும் ஐபுப்ரூஃபனை நாய்க்குத் தரவே கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் உணவுத் தட்டு. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு தந்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாக உண்டவற்றில் இடுப்பு மூட்டுவாதம் குறைந்தது, தாமதமாகவும் வந்தது. 2002இல் வெளியான முடிவின்படி, அவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. எடையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். விலாவில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினால், அழுத்தாமலே எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட வேண்டும்.