போவதும் வருவதும்: புத்தளக் கரையின் பயண வாணிபம்



சென்ற மாதம் உடப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர் தம் தாயாரோடு என்னைக் காண வந்திருந்தார். அவர் கையில் இரண்டு நியமனக் கடிதங்கள். ஒன்று புத்தளம் நகரில் எழுதுவினைஞர் வேலை. மாலையில் பஸ் ஏறினால் இராச் சாப்பாடு வீட்டில். மற்றையது ஒரு கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி வேலை. மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று மாதத்தில் இருபது நாள் வெளியூர். சம்பளம் முன்னையதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "எதை எடுக்கிறது ஐயா?" என்று மகன் கேட்டார். தாயார் ஒன்றும் பேசவில்லை.

உத்தியோகம் பற்றிப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. பழைய நூல்களோடு பழகியவன் நான். ஆகவே, இந்தக் கரையில் தொழிலுக்காகப் பயணம் போனவர்கள் எப்படிப் போனார்கள், எப்படி வந்தார்கள் என்பதை மட்டுமே அவருக்குச் சொன்னேன். அதையே இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பொருள் தேடப் பிரிதல் தமிழருக்குப் புதிதன்று. நம் அகப்பொருள் இலக்கணம் அதற்குப் 'பொருள்வயிற் பிரிவு' என்று பெயரே இட்டு வைத்திருக்கிறது. அந்தப் பாடல்களில் தலைவன் சும்மா புறப்பட்டுவிடுவதில்லை. கார்காலம் தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று ஒரு பருவத்தைக் குறித்துவிட்டே போகிறான். முல்லை பூத்தும் அவன் வராதபோதுதான் தலைவியின் துயர் பெருகுகிறது. பிரிவைவிடத் தவணை தப்புதலே அங்கு பெருந்துன்பம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கரைக்கு வருவோம்.

வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பம், அதன் உட்புறம் அமைதியான புத்தளம் களப்பு. பாய்மரத் தோணிகளுக்கு இதைவிட நல்ல ஒதுங்குதுறை வேண்டியதில்லை. சோளகம் வீசும் காலத்தில் இங்கிருந்து தோணிகள் தமிழகக் கரைக்கு ஏறும். வாடை வீசும் காலத்தில் அங்கிருந்து இங்கு இறங்கும். காற்றே போகச் சொன்னது, காற்றே திரும்பச் சொன்னது. சோளகத்தோடு போனவன் வாடையோடு வருவான் என்பது வீட்டில் இருந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தமிழகத்து மஃபர் நாட்டுக்குப் புறப்பட்டு, காற்றின் போக்கில் இலங்கைக் கரையை அடைந்தார். அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் பட்டினம் நமது புத்தளமே என்பது அறிஞர் பலரின் முடிபு. அங்கிருந்தவன் ஆரியச் சக்கரவர்த்தி. அவனது கப்பல்கள் கடற்கொள்ளையில் ஈடுபடுவன என்று சொல்லி மாலுமிகள் கரையிறங்க அஞ்சினார்கள். இப்னு பதூதா முன்னே இறங்கி, அரசனிடம் சென்று அவர்களுக்கு அபயம் பெற்றுக் கொடுத்தார். அரசன் பாரசீக மொழி அறிந்தவன். முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்கள் அவன் முன் தரம் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. கரையோரத்தில் ஆற்றுவெள்ளம் கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் குன்றுகள் போலக் கிடந்தன. மஃபர், மலபார் நாட்டு வணிகர் விலை கொடாமலே அவற்றை ஏற்றிச் சென்றனர். பதிலுக்கு அரசனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்தனர்.

இவையெல்லாம் பலரும் அறிந்தவை. எனக்குப் பிடித்தது வேறோர் இடம். பாவா ஆதம் மலைக்குப் போய்வர வேண்டும் என்று யாத்திரிகர் கேட்கிறார். அரசன் பல்லக்கும் துணையாட்களும் கொடுக்கிறான். அப்பொழுது கப்பல் தலைவன், நீர் திரும்பி வரும்வரை ஓராண்டு ஆனாலும் நான் இங்கேயே காத்திருப்பேன் என்கிறான். அதுவரை அவன் தன் விருந்தாளி என்கிறான் அரசன். பயணம் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? பல்லக்கும் சுமைகாரரும் போகிற வழிக்கு உதவினார்கள். காத்திருந்த கப்பலோ அவர் திரும்பி வருவதற்கான உறுதியாயிற்று.

பிற்காலத்தில் புத்தளம் கண்டி இராச்சியத்தின் துறைமுகமாயிற்று. உப்பும் கருவாடும் புடைவையும் பொதிமாடுகளில் ஏற்றப்பட்டு மலைநாட்டுக்குச் சென்றன. பாக்கு கீழே இறங்கிற்று. 'தவளம்' எனப்பட்ட இந்த மாட்டுக் கூட்டங்களை நடத்திய முஸ்லிம் வணிகர் காட்டுவழியே பலநாள் நடந்தார்கள். இந்தப் போக்குவரத்தின் கழுத்தைப் பிடிக்கத்தான் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையான காலத்தில் கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கண்டியரசன் கரையோரம் முழுவதையும் இழந்தான். பயணம் செய்யும் வணிகன் எவ்வளவு பலமுள்ளவன் என்பதை அவனைத் தடுக்க எழுந்த கோட்டையே சொல்லும்.

அக்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்களின் வழக்கம் ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மணமகன்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். கடல் வாணிபத்துக்குப் போகிறவன் இல்லாதபோதும் குடும்பம் தாய், சகோதரிகள் நடுவே நிலைத்து நிற்கும். போகிறவனுக்கேற்ப அமைந்த வீடு அது. ஆனால் அந்த வீட்டுத் திண்ணைகளில் எத்தனை கண்கள் கடலைப் பார்த்திருந்தன என்பதற்கு எந்த வணிகனின் கணக்கேட்டிலும் பதிவில்லை. வரலாறு தோணியின் சரக்கை எண்ணியது. காத்திருந்த நாட்களை எண்ணவில்லை.

தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தை அறியாதவர் இல்லை. அதன் தோற்றம் பற்றி வழங்கும் ஐதீகங்களுள் ஒன்று, கப்பல் உடைந்து அங்கே கரையொதுங்கிய ஐரோப்பிய வணிகன் ஒருவனைப் பற்றியது. அன்னம்மாளின் திருவுருவத்தை அவன் ஒரு மரத்தடியில் வைத்து, தன் வியாபாரம் செழித்தால் மீண்டும் வந்து கோயில் கட்டுவதாக நேர்ந்தானாம், செழித்தது, வந்து கட்டினானாம். ஐதீகத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கரை எந்த வணிகனைப் போற்றியது என்பதற்கு அது சான்று. சம்பாதித்தவனை மட்டும் அது நினைவில் வைத்திருக்கவில்லை, சொன்னபடி திரும்பி வந்தவனையே வைத்திருக்கிறது.

வணிகச் செட்டிமார் மரபில் 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டார்; 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் 'தமிழ் புளூராக்' என்று தந்தார். முன்னோர் சரக்குத் தேடி வந்தார்கள். இவர் செய்தி தேடினார். ஊர் ஊராகப் போகிறவனுக்கு வழிகாட்டும் ஒரு நூல் இந்தக் கரையில் பிறந்தவர் கையால் வந்தது தற்செயல் அன்று என்றே எனக்குத் தோன்றும்.

பின்னர் வழிகள் சுருங்கின. ஒல்லாந்தர் காலத்திலிருந்து புத்தளத்தையும் கொழும்பையும் இணைத்த கால்வாயில் அடி தட்டையான படகுகள் போய்வந்தன. 1926இல் புகையிரதம் புத்தளத்தை அடைந்தது. நாட்கணக்கான பயணம் மணிக்கணக்காயிற்று. 1948இன் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் பின், அக்கரைக்குப் போகக் காற்று மட்டும் போதவில்லை. கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்பட்டன.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர் இழந்தனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினர். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் படகுகளில் கற்பிட்டியில் இறங்கினார்கள். அவர்களுள் எத்தனையோ பேர் வியாபாரிகள். தொழிலுக்காகத் தெற்கே போய்வந்து பழகியவர்கள். அதே மன்னார், அதே புத்தளம், அதே கடல். ஆனால் அது பயணம் அன்று. திரும்பும் நாள் குறிக்கப்படாத போக்கு அது. 2009இல் போர் முடிந்த பின்னும் பலர் புத்தளத்தில் ஒரு வீடு, வடக்கில் ஒரு வீடு என்று இரண்டுக்கும் நடுவே அலைகிறார்கள். எது போவது, எது வருவது என்று அவர்களைக் கேட்டால் பதில் ஒன்றாக இராது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த இளைஞரைப் பார்த்தேன். "தம்பி, எவ்வளவு தூரம் போகிறீர் என்பது பெரிதில்லை. இந்தக் கரையில் தூரம் போகாத தொழில் எது? நீர் திரும்புகிற நாளை யார் குறிக்கிறார்கள் என்பதைப் பாரும். அன்று காற்று குறித்தது. உம்முடைய தொழிலில் யார் குறிப்பது?"

அவர் யோசித்தார். மாத இலக்கு எட்டும்வரை வெளியூரில் நிற்க வேண்டி வரலாம் என்று கம்பனியில் சொன்னார்களாம். இலக்கு மாதாமாதம் கூடுமாம்.

அப்பொழுதுதான் தாயார் வாய் திறந்தார். அவர் கணவர் கரைவலைத் தொழிலாளி. சோளகத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்க, முல்லைத்தீவுப் பக்கம் வாடி அடித்துத் தங்குபவர். ஆனால் ஆடி மாதம் திரௌபதி அம்மன் தீமிதிப்புக்கு ஊருக்கு வந்துவிடுவார்.

"இவன்ட அப்பா வாடிக்குப் போனால் ஆடிக்கு வருவார் என்று எனக்குத் தெரியும் ஐயா. கடிதமும் வேண்டாம், போனும் வேண்டாம். அந்த நாளை எண்ணிக்கொண்டு இருப்பேன். இவன் எந்த நாள் வருவான் என்று நான் யாரைக் கேக்கிறது?"

எனக்கு மறுமொழி தெரியவில்லை. மகனும் பேசாமல் இருந்தார். பிறகு, பயண வேலையைத்தான் தம் மனம் நாடுகிறது என்றும், ஆனால் மாதத்தில் எந்த நாட்கள் வீட்டுக்கு உரியவை என்று கம்பனியிடம் எழுத்தில் கேட்கப்போவதாகவும் சொன்னார். அப்படிக் கேட்டால் வேலையே கிடைக்காமல் போகலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டுவிட்டு வந்து சொல்வதாகக் கூறி எழுந்தார்கள்.

வாசல்வரை போய் வழியனுப்பினேன். இன்னும் அவர் வரவில்லை.