சிறைக்குள் ஒரு பொட்டலம்: 1894 சட்டமும் பன்னிரண்டு தண்டனைகளும்

தானிய மண்டியில் நாற்பது வருஷம் கோணிச் சாக்கோடு புழங்கியவன் நான். அந்தக் கோணியே ஒரு தண்டனை என்று 1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்தில் படித்தபோது திடுக்கிட்டேன். திகார் மதில் ஓரமாகத் தினமும் பஸ்ஸில் போகும் நம் தில்லி அன்பர்களுக்கு அதைச் சொல்ல ஆசை.

கஞ்சாவோ அபினோ வைத்திருந்து பிடிபட்ட கைதிக்கு 45ஆவது பிரிவு பொருந்தும். அதில் சரக்கின் பெயர் கிடையாது. 'தடை செய்யப்பட்ட பொருள்' என்பதோடு சரி. வேடிக்கை என்னவென்றால், அப்போது வெளியே இரண்டும் சர்க்கார் லைசென்ஸ் கடையில் கிடைத்தன. கஞ்சாவைப் பற்றி ஆராய்ந்த கமிஷன், அடியோடு தடுக்க வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று சொன்னதும் அதே 1894இல்தான்.

46ஆவது பிரிவில் தண்டனைகள் பன்னிரண்டு. எச்சரிக்கையில் ஆரம்பித்து, கடின வேலை, தண்டனைக் கழிவுச் சலுகை ரத்து, மூன்று மாதம் வரை கோணித் துணி, கைவிலங்கு, கால்விலங்கு, தனியறை, 96 மணி நேரம் வரை சாப்பாட்டுக் குறைப்பு என்று போய், முப்பது பிரம்படியில் முடிகிறது. விசாரிப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் சிறைக் கண்காணிப்பாளர் ஒருவரே.

96 மணி என்றால் நாலு நாள். எங்கள் சமண வீடுகளில் பெண்கள் அதற்கு மேலும் உபவாசம் இருப்பார்கள். தானாக ஏற்றால் அது நோன்பு. பிறர் சுமத்தினால் வெறும் பட்டினி. பட்டினியால் பழக்கம் போகுமா?

மாற்றம் திகாரிலிருந்தே வந்தது. சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், தனியறை, சாப்பாட்டுக் குறைப்பு, சலுகை ரத்து போன்றவற்றுக்கு செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை வேண்டும் என்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவசரமானால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும்.

1985 போதைப்பொருள் சட்டத்தில் 1989இல் 64ஏ பிரிவு சேர்ந்தது. சிறிய அளவோடு அகப்பட்ட அடிமை, தானாகச் சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பழைய பன்னிரண்டில் மருந்து என்ற சொல்லே இல்லை.

சலுகைக் கழிவு போனால் கைதி வீடு திரும்பும் நாள் தள்ளிப்போகும். அந்த நாட்களை எண்ணுகிறவள் வெளியே இருக்கும் மனைவி. கணக்குப் பார்த்தே வயதான எனக்கு, இந்தக் கணக்கு மட்டும் நேராகவில்லை. தண்டனைப் புத்தகத்தில் பதியும் கை, வைத்தியரையும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.