நுண்ணுயிர்வழித் தூய்மையாக்கம்

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிவிட்ட எண்ணெய், கரைப்பான் போன்ற நச்சுகளை நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைக்கும் முறை நுண்ணுயிர்வழித் தூய்மையாக்கம். மாசுபட்ட மண்ணைத் தோண்டி வேறிடத்தில் கொட்டினால் நஞ்சு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நுண்ணுயிரிகள் உண்ட பெட்ரோலோ கரியமில வாயுவாகவும் நீராகவும் முடிந்துபோகிறது.

இத்தகைய உயிரிகள் உண்டென்பது பழைய செய்தி. மீத்தேனை உண்ணும் பாக்டீரியாவை நெதர்லாந்தின் நிக்கோலாஸ் சோன்கென் 1906-இல் பிரித்தெடுத்தார். எண்ணெய் உண்ணும் இனங்கள் மண்ணிலும் கடலிலும் பரவிக் கிடப்பதை 1946-இல் கிளாட் ஜோபெல் தொகுத்து எழுதினார். சுத்திகரிப்பு ஆலைகள் எண்ணெய்ச் சகதியை நிலத்தில் பரப்பி உழுதுவிட்டதும் இந்த அறிவின் பயன்தான். ஆனால் அது மேல்மண்ணோடு நின்றது.

அதை நிலத்தடி நீருக்குக் கொண்டுசென்றவர் சன் ஆயில் நிறுவனத்தின் ரிச்சர்ட் ரேமண்ட். பென்சில்வேனியாவின் ஆம்ப்ளரில் குழாய் கசிந்து பெட்ரோல் நிலத்தடி நீரில் கலந்தது. இறைக்க முடிந்ததை இறைத்த பின்னும் பாறை இடுக்குகளில் மிச்சம் தங்கிவிட்டது. அதை உண்ணக்கூடிய பாக்டீரியாக்கள் அங்கேயே இருந்தன. அவற்றுக்குப் பற்றாமல் போனவை ஆக்சிஜனும் தழைச்சத்தும் மணிச்சத்தும். 1972-இல் ரேமண்ட் குழு கிணறுகள் வழியே காற்றையும் உரச்சத்தையும் செலுத்தியது. 1974-இல் இம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. இத்துறையின் உண்மையான தொடக்கம் இதுவே எனலாம்.

ஆக்சிஜன்தான் பெரிய தடை. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாகச் சிதைய 3 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். காற்றூட்டிய ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது ஏறக்குறைய 9 மில்லிகிராம். அதனால்தான் பின்னாளில் ஹைட்ரஜன் பெராக்சைடு செலுத்துவதும், நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணில் நேரடியாகக் காற்றை விடுவதும் வழக்கத்துக்கு வந்தன.

உலகப் புகழ் மட்டும் வேறொரு பாக்டீரியாவுக்குப் போனது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வங்காள விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, கச்சா எண்ணெயின் பல கூறுகளையும் சிதைக்கும் சூடோமோனாஸ் ஒன்றை உருவாக்கினார். உயிருக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் 5–4 என அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனினும் அந்த உயிரி எண்ணெய்க் கசிவு எதிலும் இறக்கப்படவில்லை. 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் விபத்துக்குப் பின் அலாஸ்காக் கரைகளில் தெளிக்கப்பட்டது உரம். வேலை செய்தவை உள்ளூர் பாக்டீரியாக்கள். தென் கரோலினாவின் ஹனஹானில் 1975-இல் கசிந்த சுமார் 3 லட்சம் லிட்டர் விமான எரிபொருள் பத்தாண்டில் குடியிருப்புப் பகுதியை எட்டியிருந்தது. 1992-இல் அங்கும் உள்ளூர் பாக்டீரியாக்களுக்காக மண்ணுக்குச் சத்தூட்டத் தொடங்கினர். அடுத்த ஆண்டு இறுதிக்குள் குடியிருப்புப் பகுதியின் மாசு 75% குறைந்தது. இந்தியாவில் டெரி நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்சாப்பர்’ கலவையும் இயற்கை இனங்களின் கூட்டுதான்.

குளோரின் ஏறிய கரைப்பான்களின் கதை இவ்வளவு எளிதன்று. உலர்சலவையில் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீனிலிருந்து குளோரினைக் கழற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஆகாது. மொலாசஸ், லாக்டேட் போன்ற தீனி வேண்டும். வேலை பாதியில் நின்றால் புற்றுநோய் உண்டாக்கும் வினைல் குளோரைடு தேங்கிவிடும். சிதைவைக் குளோரின் இல்லாத எத்திலீன் வரை கொண்டுபோகும் டிஹாலோகாக்காய்டஸ் பாக்டீரியாவை கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் அறிவித்தனர். டெலவேரின் டோவர் விமானப்படைத் தளத்தில் லாக்டேட் மட்டும் கொடுத்தபோது சிதைவு நடுவழியில் நின்றது. புளோரிடாவின் மாசுபட்ட நிலமொன்றிலிருந்து வளர்த்த நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்த்த பிறகே எத்திலீன் வரை சென்றது. உள்ளூர் உயிரிகளை நம்பலாம், ஆனால் அவை இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அங்கே தெளிவானது.

உலோகங்களைச் சிதைக்க வழியில்லை. ஆனால் நீரில் கரைந்த யுரேனியத்தைச் சில பாக்டீரியாக்கள் கரையாத வடிவுக்கு மாற்றுவதை டெரிக் லவ்லி குழு 1991-இல் காட்டியது. கொலராடோவின் ரைஃபிளில் 2002-இல் நிலத்தடியில் அசிட்டேட் செலுத்திச் சோதித்தபோது நீரில் யுரேனியம் குறைந்தது. ஆக்சிஜன் திரும்பினால் அது மறுபடியும் கரையக்கூடும். ஆகவே அத்தகைய இடங்களில் சிகிச்சை முடிந்த பின்னும் கிணற்று நீரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டியிருக்கிறது.