கை மாறிய குவாரியும் கை மாறாத காகிதங்களும்

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருடைய மருமகன் ஒரு கல் குவாரியை எடுத்து நடத்தப் போகிறாராம். "குவாரி கை மாறினா பெர்மிட்டெல்லாம் அப்படியே இவர் பேருக்கு வந்துடும் இல்லையா?" என்றார். நான் சில வருஷம் குவாரி ஆபீசில் கணக்கு எழுதியவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. நாம் 'பெர்மிட்' என்று ஒரே வார்த்தையில் சொல்வது ஒரே காகிதம் இல்லையே!

கல் வெட்டும் குத்தகை, 1959ஆம் வருஷத்துச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி கலெக்டர் ஆபீஸ் சமாச்சாரம். வெடிமருந்து உரிமம் வேறு இலாகா, அதற்குத் தலைமையகம் நாக்பூர். வேலை செய்கிறவன் உயிர் சம்பந்தப்பட்டது மூன்றாவது இலாகா, அதற்குத் தன்பாத்.

இந்தத் தன்பாத் இலாகா பிறந்த கதையில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோலார் தங்கவயலில் ஒரு விபத்தில் 52 பேர் செத்தார்கள். வட ஆற்காடு பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் நிறையப் பேர் இருந்த ஊர் அது. பலுசிஸ்தானத்தில் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர். அதன் பிறகுதான் 1901இல் சுரங்கச் சட்டம் வந்தது. 1902 ஜனவரியில் கல்கத்தாவில் ஆய்வு அலுவலகம் திறந்து, 1908இல் தன்பாத்துக்கு மாற்றினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952இல் புதுச் சட்டம். கல் குவாரியும் அதில் 'சுரங்கம்'தான். கட்டடக் கல், ஜல்லிக் கல் எடுக்கும் திறந்தவெளிக் குழிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஆழம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடி வைக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகள் பொருந்தாது. வெடி வைக்காத கருங்கல் குவாரியை நான் பார்த்ததில்லை.

1961இல் வந்த உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகளில் 8ஆவது விதிதான் நண்பரின் கேள்விக்கு உரியது. உரிமையாளர் மாறினால் 7 நாளுக்குள் முதல் படிவத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதைவிட முக்கியம் அடுத்த பகுதி. பழைய முதலாளி தன்னிடமுள்ள வரைபடங்கள், அறிக்கைகள், பதிவேடுகள், வேலை சம்பந்தமான கடிதங்கள் எல்லாவற்றையும் அதே 7 நாளுக்குள் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததும் இருவருமே தலைமை ஆய்வாளருக்கும் மண்டல ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கொடுத்தேன் என்று ஒருவர், வாங்கினேன் என்று ஒருவர். இதை எழுதிய அதிகாரி யாரோ, குவாரியில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், எழுபதுகளின் கடைசியில் நான் இருந்த குவாரி கை மாறியது. புது முதலாளி கையில் குத்தகை உத்தரவு இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். பழைய முதலாளிக்கோ பணம் பாக்கி என்று கோபம். பதிவேடுகளையெல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அவரோடு மேட்டும், வெடி வைப்பவரும் போய்விட்டார்கள். அவர்களுடைய சர்டிபிகேட் அவரவர் பெயரில் உள்ளது, குவாரியோடு வராது. புது ஆட்கள் வந்து கிழக்கு முகப்பில் கம்ப்ரசரை நிறுத்தினார்கள். அப்போது ஜல்லி உடைக்கும் அம்மா ஒருவர் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அந்த மூலையில குழி போடாதீங்கய்யா, ரெண்டு குழி வெடிக்காம நிக்குது" என்றார். அவர் வீட்டுக்காரர் பழைய ஆட்களோடு குழி போட்டவர்.

வேலையை நிறுத்தினோம். பெட்டி வந்து சேர 19 நாள் ஆயிற்று. பதிவேட்டில் கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கத்தில் அந்த இரண்டு குழியும் எழுதியிருந்தது. வெடிக்காத குழி இருந்தால் அடுத்த ஷிஃப்டில் வருகிற வெடி வைப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எங்களுக்கெல்லாம் பாடம். முதலாளி மாறும்போது சொல்ல ஆள் இல்லை.

பிறகு வந்த சட்டங்கள் கைமாற்றத்தைச் சுலபமாக்கின. 2006இல் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பழையவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அனுமதியைப் புதியவர் பெயருக்கு மாற்றலாம். 2020இல் பெருங்கனிமச் சுரங்கங்களுக்கு, ஏலம் எடுத்தவருக்குப் பழைய குத்தகைதாரரின் அனுமதிகள் 2 வருஷத்துக்கு அப்படியே செல்லும் என்று சட்டம் வந்தது. சுரங்கம் சும்மா கிடக்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. நியாயம்தான். ஆனால் அனுமதி போய்ச் சேரும் வேகத்தில் அந்த டிரங்குப் பெட்டியும் போய்ச் சேருகிறதா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லி முடித்தேன். "அந்தக் குவாரிக்கு வரைபடம்னு ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டார். பணம் கொடுப்பதற்கு முன்னால் அதையும் வெடிப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.