ஆறு அங்குல மதில்

பிளாட்பாரம் முடிந்து சாலை ஆரம்பிக்கிற இடத்தில் ஓர் ஆறு அங்குல உயரம் இருக்கும். நாமெல்லாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. இறங்குகிறோம், ஏறுகிறோம், போய்க்கொண்டே இருக்கிறோம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது படி அல்ல. மதில்.

அமெரிக்காவில் அந்த மதிலை ரொம்ப சீக்கிரமே இடிக்க ஆரம்பித்த ஊர்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம். நியூயார்க், வாஷிங்டன் என்று பெரிய பெயரெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். இது சோளக்கொல்லைக்கு நடுவில் இருக்கிற ஊர்.

சிகாகோவிலிருந்து தெற்கே 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் போனால் வரும். ஊர் என்று ஒருமையில் சொல்வது தப்பு. அர்பானா, ஷாம்பெய்ன் என்று ஒட்டிப் பிறந்த இரட்டையர்கள். 1850களில் ரயில் பாதை போட்டவர்கள், அர்பானாவுக்குள் நுழையாமல் மேற்கே 3 கிலோமீட்டர் தள்ளி ஸ்டேஷன் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்டேஷனைச் சுற்றி முளைத்ததுதான் ஷாம்பெய்ன். இரண்டுக்கும் நடுவே 1867ல் இல்லினாய் பல்கலைக்கழகம் உருவானது. மறு வருடம் கதவைத் திறந்தபோது மாணவர்கள் சுமார் 50 பேர். இன்றைக்கு 50,000க்கும் மேல். இரண்டு ஊரையும் சேர்த்தாலே ஜனத்தொகை ஒன்றேகால் லட்சத்தைச் சுற்றித்தான். கிட்டத்தட்ட ஊரே காலேஜ், காலேஜே ஊர்.

கதை 1945ல் ஆரம்பிக்கிறது. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். அவர்கள் படிக்க விரும்பினால் செலவு அரசாங்கத்தினுடையது என்று முந்தைய வருடமே சட்டம் போட்டிருந்தார்கள். ஜி.ஐ. பில் என்று பெயர். இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலேஜுக்குள் வந்தவர்கள் மட்டும் சுமார் 22 லட்சம் பேர். எங்கேயும் இடமில்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் என்ன செய்தது என்றால், கேல்ஸ்பர்க் என்ற ஊரில் சும்மா கிடந்த ஒரு ராணுவ ஆஸ்பத்திரியை வாங்கி, 1946ல் அங்கே ஒரு கிளை திறந்தது.

ஆஸ்பத்திரி என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் தரைத்தளம். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்காகக் கட்டிய நீண்ட தாழ்வாரங்கள். படிகளுக்குப் பதில் சரிவுகள்.

முதல் உலக யுத்தத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. இரண்டாவது யுத்தத்தில் பென்சிலின் வந்துவிட்டது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே அசைவு மட்டும் போய்விட்டது. வயது என்னவோ இருபது சொச்சம்தான். என்ன செய்யலாம் இவர்களை? பென்ஷன் கொடுத்து வீட்டில் உட்காரவைக்கலாம் என்பதுதான் அன்றைய ஊர் அபிப்பிராயம். படிக்கிறோம் என்றார்கள் அவர்கள். கேல்ஸ்பர்க்கில் முடிந்தது.

1948ல் டிம் நூஜன்ட் என்ற 25 வயது இளைஞர் அங்கே இந்த மாணவர்களுக்குப் பொறுப்பாளராக வந்து சேர்ந்தார். அவரும் யுத்தத்துக்குப் போய் வந்தவர். வந்த கையோடு சக்கர நாற்காலி பாஸ்கெட்பால் அணி ஒன்றை ஆரம்பித்தார். 1949ல் கேல்ஸ்பர்க்கிலேயே ஒரு தேசியப் போட்டியும் நடத்திவிட்டார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது விழுந்தது இடி. கிளையை மூடப் போகிறார்கள்!

நடக்கிற மாணவர்களுக்குக் கவலையில்லை. அர்பானாவுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அங்கே இருப்பவை பழைய காலக் கட்டடங்கள். வாசலுக்கு வாசல் படி. சக்கர நாற்காலிக்காரர்கள் கார்களில் ஏறி, ஊர்வலமாக மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே போய் நியாயம் கேட்டார்கள். பலனில்லை. அடுத்து அர்பானாவுக்கே போய் நின்றார்கள். எங்களால் முடியும், சரிவு மட்டும் போட்டுக்கொடுங்கள் என்று அங்கேயே காட்டினார்கள். பல்கலைக்கழகம் அரை மனத்தோடு சம்மதித்தது. எப்படி? பரிசோதனை முயற்சியாக.

பணம்? அதை நூஜன்ட்தான் அலைந்து திரட்டினார். பாஸ்கெட்பால் அணி ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடியது. கட்டடம் கட்டடமாகச் சரிவுகள் வந்தன. ஊர் பிளாட்பாரங்களின் முனைகள் இறக்கப்பட்டன. 1950களிலேயே லிஃப்ட் பொருத்திய பஸ்கள் ஓடின. வேறெங்கும் கிட்டத்தட்ட நினைத்தே பார்க்காத சங்கதி.

மனிதர் கறார்ப் பேர்வழி. அடுத்தவர் வந்து நாற்காலியைத் தள்ளுகிற கதையே கூடாது என்பார். தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியும் என்று நிரூபித்தால்தான் சேர்க்கை. இதனால் பலர் சொந்தக்காலில் நின்றார்கள், உண்மை. கை உதவிக்கு ஆள் தேவைப்பட்டவர்கள் வாசலிலேயே நின்றுபோனார்கள், அதுவும் உண்மை. அவர்களுக்கென்று உதவியாளர்களோடு ஒரு விடுதி வந்தது 1981ல்தான். மதிலை இடித்தவரும் ஒரு மதில் வைத்திருந்தார்.

ஆனாலும் அவர் செய்த ஒரு வேலை நம் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. சரிவு என்றால் எவ்வளவு சரிவு? கதவு எவ்வளவு அகலம்? யாரிடமும் கணக்கு இல்லை. நூஜன்ட் தலைமையில் ஆராய்ச்சி நடந்து, 1961ல் அமெரிக்காவின் முதல் தேசிய அளவுகோல் வெளியானது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு. கதவு திறந்தால் 32 அங்குல இடைவெளி. அதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை அப்போது. அரசுப் பணத்தில் கட்டும் கட்டடங்களுக்கு 1968ல் சட்டம் வந்தது. தனியார் கடை, ஓட்டல்வரை நீண்டது 1990ல். அந்த மாணவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கார் ஓட்டிப் போய் 41 வருடம் கழித்து!

நூஜன்ட் 2015ல், தமது 92வது வயதில் காலமானார். பரிசோதனை முடிந்துவிட்டதாக அர்பானாவில் இதுவரை யாரும் அறிவிக்கவில்லை.

அந்த ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு இந்திய அரசின் வழிகாட்டு விதிகளிலும் இருக்கிறது. அடுத்தமுறை ஏதாவது பேங்க் வாசலில் சரிவுப் பாதையைப் பார்த்தால் கொஞ்சம் நின்று கண்ணால் அளந்து பாருங்கள். வாசல் இரண்டடி உயரமென்றால் சரிவு 24 அடி நீளம் இருக்க வேண்டும். ஆறடியில் முடிந்துவிட்டதா? அப்படியானால் அது சக்கர நாற்காலிக்காகப் போட்டதில்லை. ஆடிட்டருக்காகப் போட்டது.